லீக் அட்டவணையும் நடுநிலையும்

எட்டோ பத்தோ அணிகள் கூடி நடத்தும் லீக் போட்டியில், யார் யாருடன் எந்த வாரம் ஆடுவது என்று எழுதிவைக்கும் தாளை அட்டவணை என்கிறோம். பார்வைக்கு அஃது எழுத்தர் ஒருவர் அரைமணியில் முடித்துவிடும் வேலை. ஆயினும் அத்தாளை எழுதுபவர், ஓர் ஆட்டம்கூடத் தொடங்குமுன்பே ஒருவருக்கு நன்மையும் மற்றொருவருக்குத் தீமையும் செய்துவிட முடியும். தாமே அறியாமல் அவ்வாறு செய்துவிடுவதும் உண்டு. அட்டவணையில் நடுநிலை என்பது என்ன, அதை எந்த அளவுக்குக் கணிதத்தால் பெற முடியும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதற்குக் கற்பனைக் கால்பந்து லீக்கை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மைதானம், மழை, நடுவர், ரசிகர் கூட்டம் எதுவுமில்லாத அவ்விளையாட்டில் அட்டவணையின் செயல் மட்டும் தனித்துத் தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைப் பிறவற்றினின்று பிரித்தெடுத்துச் சோதிப்பது போன்றது இது.

கற்பனைக் கால்பந்து அமெரிக்காவில் பிறந்தது. அங்கே கால்பந்து என்றால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவரும் நண்பர்களும் 1962-இல் நியூயார்க்கு விடுதி ஒன்றில் கூடி இதன் விதிகளை வகுத்தனர். அடுத்த ஆண்டு 8 பேர் கொண்ட முதல் லீக் தொடங்கிற்று. பங்கு பெறும் ஒவ்வொருவரும் உண்மையான ஆட்டக்காரர்களைத் தேர்ந்து தாளில் ஓர் அணி அமைத்துக்கொள்வார். அவ்வாரம் உண்மையான ஆட்டங்களில் அந்த ஆட்டக்காரர்கள் செய்ததே அவர் அணியின் மதிப்பெண். பந்தை ஏந்தி ஓடிய 10 கெஜத்துக்கு 1 புள்ளி, டச் டவுன் ஒன்றுக்கு 6 புள்ளி என்பது போலக் கணக்கு. பிற்காலத்தில் பெருவழக்கானது இருவர் இருவராக மோதும் முறை. இந்த வாரம் உங்கள் எதிரி யார் என்பதை அட்டவணை சொல்லும். இருவருள் மிகுந்த மதிப்பெண் பெற்றவருக்கு வெற்றி. பணம் கட்டி ஆடும் செயலிகளைப் பற்றி ஈண்டுப் பேச்சில்லை. அவற்றை 2025-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. நாம் காண்பது நண்பர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளும் லீக் மட்டுமே.

இவ்விளையாட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. கபடியிலோ ஹாக்கியிலோ எதிரியைத் தடுத்து நிறுத்தலாம். இங்கே தடுக்க முடியாது. என் மதிப்பெண்ணை என் எதிரி குறைக்க வழியில்லை. அவருடைய மதிப்பெண்ணை நானும் தொட முடியாது. அவரவர் தேர்வு எழுதிவிட்டு வந்தபின், யாருடைய விடைத்தாளை யாருடையதோடு ஒப்பிடுவது என்று மட்டும் அட்டவணை முடிவு செய்கிறது.

ஒரே மதிப்பெண், வேறு வேறு முடிவு

அ, ஆ, இ, ஈ என நான்கு அணிகள் மூன்று வாரம் ஆடுவதாகக் கொள்வோம். அவை பெற்ற மதிப்பெண்கள்:

முதல் வாரம்: அ 110, ஆ 112, இ 70, ஈ 75
இரண்டாம் வாரம்: அ 108, ஆ 72, இ 115, ஈ 80
மூன்றாம் வாரம்: அ 105, ஆ 74, இ 68, ஈ 109

மொத்தத்தில் அ 323, ஈ 264, ஆ 258, இ 253. முதலிடம் யாருக்கு என்பதில் ஐயமே எழாது. ஆனால் அட்டவணைப்படி அ என்ற அணி முதல் வாரம் ஆ-வையும், இரண்டாம் வாரம் இ-யையும், மூன்றாம் வாரம் ஈ-யையும் எதிர்கொள்வதாக இருந்தால், மூன்றிலும் அதற்குத் தோல்வியே. 110-க்கு எதிரே 112, 108-க்கு எதிரே 115, 105-க்கு எதிரே 109. அதே சமயம் 75, 80, 109 என்று எடுத்த ஈ மூன்றிலும் வென்று முதலிடம் பெறுகிறது.

இப்போது வாரங்களின் வரிசையை மட்டும் மாற்றுவோம். அ முதல் வாரம் இ-யோடும், இரண்டாம் வாரம் ஈ-யோடும், மூன்றாம் வாரம் ஆ-வோடும் ஆடட்டும். மதிப்பெண்களில் ஒன்றையும் மாற்றவில்லை. ஆயினும் அ மூன்றிலும் வெல்கிறது. ஏனைய மூன்றும் ஆளுக்கு ஒரு வெற்றி பெறுகின்றன. இரண்டு அட்டவணையிலும் எல்லோரும் எல்லோருடனும் சரியாக ஒரு முறை ஆடியிருக்கின்றனர். சமத்துவம் என்று நாம் பொதுவாக எண்ணுவது இரண்டிலும் குறைவின்றி இருக்கிறது. அப்படியிருந்தும் ஒன்றில் கடைசியிடம், மற்றொன்றில் முதலிடம்.

ஆகவே, எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் ஆட்டம், எல்லோருடனும் ஒரு முறை ஆட்டம் என்பன தேவையான நிபந்தனைகள்தாம். போதுமான நிபந்தனைகள் அல்ல. கணித வகுப்பில் நாம் அடிக்கடி கேட்கும் இவ்வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வட்ட முறை

போதாது என்பதால் தேவையானதை விட்டுவிட முடியாது. முதலில் அதனைச் செய்யும் வழியைப் பார்ப்போம். 6 அணிகள், 15 ஆட்டங்கள். வாரத்துக்கு 3 ஆட்டம் வீதம் 5 வாரத்தில் முடிய வேண்டும். முறை ஏதும் அறியாமல் மனம்போனபடி நிரப்பத் தொடங்கினால் நடுவழியில் சிக்கிக்கொள்வோம். அணிகளை 1, 2, 3 என்றும் 4, 5, 6 என்றும் இரண்டாகப் பிரித்து, அக்கரை அணிகளோடு ஆடவேண்டிய 9 ஆட்டங்களை முதல் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒருவர் எண்ணக்கூடும். பார்க்க அழகாகவே இருக்கும். நான்காம் வாரம் வரும்போது மிஞ்சியிருப்பவை இரண்டு முக்கோணங்கள். மூவர் தமக்குள் ஆடினால் ஒருவர் சும்மா இருந்தாக வேண்டும். எனவே வாரத்துக்கு இரண்டே ஆட்டம் நடக்கும். 5 வாரத்தில் முடியவேண்டியது 6 வாரமாகும்.

இதற்கு மாற்றாக உள்ளது வட்ட முறை. தாமஸ் கர்க்மன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1847-இல் வெளியிட்ட கட்டுரையோடு இதனை இணைத்துச் சொல்வது வழக்கம். பதினைந்து பள்ளிச் சிறுமியர் மும்மூவராக ஏழு நாள் நடந்து செல்லும் புகழ்பெற்ற புதிரை 1850-இல் அளித்தவரும் இவரே. 6-ஆம் அணியை நடுவில் நிறுத்தி, 1 முதல் 5 வரை வட்டமாக நிற்க வைத்து, வாரந்தோறும் ஓரிடம் சுழற்றினால் கிடைப்பது இது:

முதல் வாரம்: 6–1, 2–5, 3–4
இரண்டாம் வாரம்: 6–2, 1–3, 4–5
மூன்றாம் வாரம்: 6–3, 2–4, 1–5
நான்காம் வாரம்: 6–4, 3–5, 1–2
ஐந்தாம் வாரம்: 6–5, 1–4, 2–3

இது ஏன் தவறாமல் அமைகிறது? 6-ஐ விட்டுவிட்டு ஒவ்வொரு வாரமும் எதிரெதிரே நிற்கும் எண்களைக் கூட்டிப் பாருங்கள். முதல் வாரம் 2+5=7, 3+4=7. இரண்டாம் வாரம் 1+3=4, 4+5=9. ஐந்தால் வகுத்தால் ஒரு வாரத்துக்குள் மீதி ஒன்றே: முதல் வாரம் 2, இரண்டாம் வாரம் 4. கூட்டுத்தொகையின் மீதி நிலையாக இருப்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் அவ்வாரம் ஒரே ஒரு துணைதான் இருக்க முடியும். தனக்குத் தானே துணையாக வரும் எண், முதல் வாரத்தில் 1-ஐப் போல, 6-ஆம் அணியோடு ஆடுகிறது. ஐந்து ஒற்றைப்படை எண். ஆதலின் அப்படிப்பட்ட எண் வாரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வரும். ஐந்து வாரத்துக்கு ஐந்து வெவ்வேறு மீதிகள். ஆகவே எந்த இணையும் இரு முறை வராது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இதே வாதம் பொருந்தும். சதுரங்கப் போட்டிகளில் ஆஸ்திரிய வல்லுநர் பெர்கர் பெயரால் வழங்கும் அட்டவணைகளும் இந்த வகையினவே.

உண்மையான மைதான ஆட்டங்களுக்கு இம்முறையை அப்படியே கொள்வதில் ஒரு குறை உண்டு. மேலே உள்ள பட்டியலில் 1-ஆம் அணியைக் கவனியுங்கள். இரண்டாம் வாரம் அதன் எதிரி 3. அந்த 3 முந்திய வாரம் 4-உடன் ஆடியது. மூன்றாம் வாரம் எதிரி 5. அதுவும் முந்திய வாரம் 4-உடன் ஆடியது. நான்காம் வாரம் எதிரி 2, அதுவும் அப்படியே. 4 முரட்டு அணியாக இருந்தால், அடிபட்டுக் களைத்து வருகிறவர்களையே 1 தொடர்ந்து மூன்று வாரம் சந்திக்கிறது. இத்தகைய தொடர் விளைவைச் சமன் செய்யும் வழிகளை ரஸ்ஸல் என்பவர் 1980-இல் ஆராய்ந்தார். சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடுவதிலும் ஓர் எல்லை உண்டு. ஒரு முறையும் தவறாமல் மாறி மாறி ஆடும் அணிகள் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. மூன்று இருந்தால் அவற்றுள் இரண்டு எப்போதும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கும், ஒரே நேரத்தில் வெளியூர் செல்லும். அவை தமக்குள் சந்திப்பது எப்படி? கற்பனை லீக்கில் களைப்பும் இல்லை, சொந்த ஊரும் இல்லை. எனவே வட்ட முறையே நமக்குப் போதும்.

பதினான்கு வாரக் கணக்கு

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் 32 அணிகள். 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரத்தில் 17 ஆட்டம் ஆடுகிறது. கடைசி வாரத்தில், இடம் உறுதியாகிவிட்ட அணிகள் தம் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுவதுண்டு. ஆதலால் கற்பனை லீக்குகள் பெரும்பாலும் 14 வாரம் லீக், பின் 3 வாரம் நாக் அவுட் என்று 17-ஆம் வாரத்தோடு முடித்துக்கொள்கின்றன. இந்தப் பதினான்கில்தான் அட்டவணை எழுதுபவரின் தலைவலி தொடங்குகிறது.

8 அணிகளாயின் தொல்லையில்லை. ஒரு சுற்றுக்கு 7 வாரம், இரு சுற்றுக்கு 14. 2024-இல் டொரன்டோ நகரில் நம் குகேஷ் 9 புள்ளி பெற்று வென்ற கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டியும் இதே அமைப்புத்தான்: 8 பேர், 14 சுற்று.

10 அணிகளாயின் ஒரு சுற்று 9 வாரம். 5 வாரம் மிஞ்சுகிறது. ஒவ்வொருவரும் ஐவரை இரு முறையும் நால்வரை ஒரு முறையும் சந்திக்க வேண்டும். 2022 முதல் 2025 வரை ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டியில் இருந்த கணக்கும் இதுவே: 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். எந்த ஐவரை இரு முறை என்பதில்தான் மனத்தாங்கல் வரும். வலுக்குறைந்த ஐவர் ஒருவருக்கும் வலுமிக்க ஐவர் மற்றொருவருக்கும் வாய்த்துவிடலாம். அங்கே அணிகளை ஐந்தைந்தாக இரு பிரிவாக்கி இதைத் தீர்த்தார்கள்.

12 அணிகளுக்கு 11 வாரம் போக 3 வாரம் மிஞ்சும். பார்வைக்கு எல்லாவற்றிலும் மோசமானது இதுவே என்று தோன்றும். ஆனால் அணிகளை நான்கு நான்காக மூன்று பிரிவாக்கினால் கணக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. தன் பிரிவிலுள்ள மூவரோடு இரு முறை, ஆக 6. பிற பிரிவுகளில் உள்ள எண்மரோடு ஒரு முறை, ஆக 8. மொத்தம் 14. ஒரு வாரமும் மிஞ்சவில்லை, குறையவுமில்லை. மேலும், ஒரே பிரிவில் இடத்துக்குப் போட்டியிடும் நால்வரும் பிற பிரிவின் அதே எண்மரைச் சந்திக்கிறார்கள். ஒப்பிடப்படுகிறவர்களுக்கு ஒரே வினாத்தாள் என்பதே இதன் சிறப்பு.

கணக்கு பொருந்துவது வேறு, வாரம் வாரமாக எழுதி முடிப்பது வேறு. அதற்கும் முன்பு கண்ட ஆறு அணிப் பட்டியலே உதவுகிறது. ஒவ்வொரு பிரிவையும் இரண்டு இரட்டையராகப் பிரியுங்கள். மூன்று பிரிவுக்கு ஆறு இரட்டையர் கிடைப்பர். ஐந்தாம் வாரத்தில் சந்திக்கும் 6–5, 1–4, 2–3 என்ற இணைகளையே மூன்று பிரிவுகளாகக் கொள்ளுங்கள். மற்ற நான்கு வாரங்களில் வரும் சந்திப்புகள் யாவும் வெவ்வேறு பிரிவினருக்கு இடையே அமைந்தவை. ஓர் இரட்டையர் மற்றோர் இரட்டையரோடு ஆடும் நான்கு ஆட்டங்களை முடிக்க இரண்டு வாரம் போதும். நான்கு இருமடங்கானால் எட்டு வாரம். பிரிவுக்குள்ளே நால்வர் ஆடும் சுற்று 3 வாரம்; அது இரு முறை. அட்டவணை முடிந்தது. தாளும் பென்சிலும் இருந்தால் காப்பி ஆறுவதற்குள் எழுதிவிடலாம்.

இப்படி எழுதக்கூடிய அட்டவணை ஒன்றே ஒன்றன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வாரங்களின் வரிசையைக் கருதாமல் எண்ணினாலே, 6 அணிகளுக்கு ஒரு முழுச் சுற்றை 6 வகையில் அமைக்கலாம். 8 அணிகளுக்கு 6,240 வகை. 10 அணிகளுக்கு 122 கோடிக்கும் மேல். அமெரிக்க பேஸ்பால் பெருலீக்கின் அட்டவணையை 1980-களின் தொடக்கம் முதல் 2004 வரை ஹென்றி ஸ்டீபன்சன், ஹாலி ஸ்டீபன்சன் என்ற கணவன் மனைவியரே தொகுத்து வந்தனர் என்பதைப் படிக்கும்போது அவர்களின் பொறுமையை எண்ணி வியக்கத் தோன்றுகிறது.

திருவுளச்சீட்டு

இத்தனை வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் யார்? நண்பர்கள் லீக்கில் நடத்துநரும் ஓர் ஆட்டக்காரரே. அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், தமக்கு வாய்த்த எளிய எதிரிகளைக் கண்டு பிறர் முணுமுணுக்கத்தான் செய்வர். இதற்கு எளிய வழி, எலும்புக்கூட்டை முதலில் அமைப்பது. 1 முதல் 12 வரை எண்களை மட்டும் வைத்து அட்டவணை முழுவதையும் எழுதி எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். அதன் பிறகே யாருக்கு எந்த எண் என்று எல்லோர் முன்னிலையிலும் திருவுளச்சீட்டு எடுக்க வேண்டும். பெயரை வைத்துக்கொண்டு அட்டவணை எழுதுவதும், அட்டவணையை எழுதிவிட்டுப் பெயரைச் சேர்ப்பதும் தாளில் ஒன்றுபோலத் தோன்றலாம். நம்பகத்தில் இரண்டும் ஒன்றல்ல. வாரங்களின் வரிசையையும் சீட்டுக்கே விடலாம்.

முழுவதையும் சீட்டுக்கு விடுவது பொருந்தாத இடம் ஒன்று உண்டு. உண்மையான அணிகளுக்கு, பெரும்பாலும் 5-ஆம் வாரம் முதல் 14-ஆம் வாரம் வரை, ஆளுக்கு ஒரு வாரம் ஓய்வு வருகிறது. அவ்வாரம் அவர்களின் ஆட்டக்காரர்களைக் கற்பனை அணியில் இறக்கிப் பயனில்லை. ஓர் எதிரியை ஓய்வு வாரத்தில் சந்திப்பது ஒருவருக்கு எளிது, வேறு வாரத்தில் சந்திப்பவருக்குக் கடினம். இதனை முன்கூட்டிச் சமன் செய்ய இயலாது. ஆனால் ஒரே எதிரியோடு ஆடும் இரண்டு ஆட்டங்களும் அடுத்தடுத்து வராமல், ஒன்று முன்பாதியிலும் ஒன்று பின்பாதியிலும் அமையுமாறு செய்யலாம். கடைசி மூன்று வாரங்களைப் பிரிவுக்குள் ஆடும் ஆட்டங்களுக்கு ஒதுக்குவதும் நல்லது. தேசியக் கால்பந்து லீக்கும் 2010 முதல் இறுதி வார ஆட்டங்களைப் பிரிவுக்குள்ளேயே அமைத்து வருகிறது. சதுரங்கத்தார் இதற்கு நேர்மாறாகச் செய்வதையும் கவனிக்கலாம். டொரன்டோவில் மூன்று இந்தியர்களும் தமக்குள் ஆடவேண்டியவற்றை ஒவ்வொரு பாதியிலும் முதல் மூன்று சுற்றிலேயே ஆடி முடித்தனர். ஒரு நாட்டவர் ஒருவருக்கொருவர் இறுதியில் விட்டுக்கொடுக்கலாகாது என்பது அங்குள்ள அச்சம். வாய்ப்பிழந்தவர் அக்கறையின்றி ஆடுவார் என்பது இங்குள்ள அச்சம். எந்த அச்சம் பெரிது என்பதைப் பொறுத்தே வரிசை அமைகிறது.

இவ்வளவும் செய்தாலும் நான்கு அணி எடுத்துக்காட்டில் கண்ட கொடுமை தீரவில்லை. அட்டவணையைத் திருத்தி அதைத் தீர்க்கவே முடியாது என்பது என் கருத்து. கணக்கிடும் முறையைத் திருத்தினால்தான் முடியும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் அணியையும் ஏனைய எல்லா அணிகளோடும் ஒப்பிட்டால், மூன்று வாரத்தில் அ 9-க்கு 6, ஈ 5, ஆ 4, இ 3 என்று வெற்றி பெறுகின்றன. மொத்த மதிப்பெண் வரிசையும் இதுவேதான். அதிர்ஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை. ஆனால் எதிரி என்ற ஒருவரும் இல்லை. இந்த வாரம் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நண்பனிடம் சொல்லும் சுவை போய்விட்டால், வெறும் கூட்டல் கணக்கு மட்டுமே எஞ்சும். அதனால் பல லீக்குகள் நடுவழி ஒன்றை மேற்கொள்கின்றன. நேர் எதிரியோடு ஓர் ஆட்டம். கூடவே அவ்வாரத்தின் இடைநிலை மதிப்பெண்ணோடு மற்றோர் ஆட்டம். மேல் பாதியில் வந்தவர்களுக்கு ஒரு வெற்றி கூடுதல். இதன்படி, மூன்றிலும் தோற்ற அ-வுக்கு 6-க்கு 3 வெற்றி கிடைக்கிறது; ஈ-க்கு 4, ஆ-வுக்கு 3, இ-க்கு 2. முதலிடம் வரவில்லைதான், கடைசியிடம் என்ற அவமானம் நீங்குகிறது. இது வேண்டாம் என்பவர்கள் நாக் அவுட்டுக்குச் செல்லும் கடைசி இடத்தையாவது, வெற்றிகளைப் பாராமல், எஞ்சியோருள் மொத்த மதிப்பெண் மிகுந்தவருக்குக் கொடுக்கலாம்.

இடையில் ஒருவர் ஆர்வமிழந்து அணியைக் கவனியாமல் விட்டுவிடுவது எல்லா லீக்கிலும் நேரும். 3-ஆம் வாரம் அவரோடு ஆடியவர் முழுப் பலத்தோடு மோதியிருப்பார். 10-ஆம் வாரம் ஆடுகிறவருக்கு வெற்றி இலவசமாக வரும். இதற்கும் இடைநிலை மதிப்பெண்ணே கைகொடுக்கிறது. கைவிடப்பட்ட அணியின் இடத்தில் அவ்வாரத்தின் இடைநிலை மதிப்பெண்ணை நிறுத்தி, அன்று அதனோடு ஆட வேண்டியவரை அந்த எண்ணோடு மோத விடலாம். அணிகள் 11 என்று ஒற்றைப்படையாக அமைந்து வாரம் ஒருவர் சும்மா இருக்க நேரும் லீக்கிலும், பன்னிரண்டாம் அணியாக நிறுத்தத் தக்கது இந்த எண்ணே. இதனைப் பருவம் தொடங்குமுன்பே விதியாக எழுதி வைத்துவிட வேண்டும். 10-ஆம் வாரத்தில் கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்றிருந்தால், அன்று யாருக்கு நன்மை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.